அவள் எடுத்த நெஞ்சுப் படங்கள்

படங்கள் காய்வதற்காகக் கட்டியிருந்த கம்பியில் அவளுடைய படங்களும் என்னுடைய படங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். எது யார் எடுத்தது என்று எழுதி ஒட்டத் தேவையில்லை. வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். அவளுடையவற்றில் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இருக்கும். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். என்னுடையவை மார்கழி விடியற்காலையில் குளக்கட்டில் நிற்கும் ஆட்களைப் போலப் பனிப்புகார் மூடிக் கிடக்கும். அந்த அறைக்கு அவளுக்குப் பல மாதங்கள் முன்பே வந்தவள் நான்.

சண்டையில் கிளிநொச்சியை விட்டுச் சனமெல்லாம் காட்டுப் பக்கம் வந்திருந்த காலம். ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டு கட்டடங்கள் எங்கள் ஆஸ்பத்திரியாகியிருந்தன. விஞ்ஞான ஆய்வுகூடம் எக்ஸ்ரே அறையானது. சக்கரம் பூட்டிய சிறிய இயந்திரம் ஒன்று அதில் நின்றது. பக்கத்திலே, முன்பு வலைப்பந்தும் கயிறுகளும் வைத்திருந்த அறையின் இடுக்கு நீக்கல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்து, படம் கழுவும் இருட்டறையாக்கியிருந்தோம். கழுவும் மருந்து நீர் சூடேறினால் படம் முழுவதும் சாம்பல் பூத்துவிடும். அதனால் குடிதண்ணீர்ப் பானையை வைப்பது போல அந்தத் தொட்டியையும் ஈர மணலுக்குள் புதைத்து வைத்தோம். கடைசிக் கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணீர். அதை வேட்டித் துணியால் வடிக்க வேண்டும். வடிக்காவிட்டால் மணல் ஒட்டிக்கொண்டு, இல்லாத கல்லெல்லாம் சிறுநீரகத்தில் இருப்பது போலக் காட்டும்.

பிலிம் அரிதாகத்தான் வரும். ஒரு பெட்டி வந்தால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெரிய அளவு முடிந்துபோய், நெஞ்சுப் படத்தையும் சிறிய அளவுப் பிலிமிலேயே எடுத்துக்கொண்டிருந்தோம். கழுத்தும் தோளும் விளிம்பில் வெட்டுப்பட்டுப் போகும். நெஞ்சு மட்டும் உள்ளே வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் இருக்கும் நாட்களில் காலையில் மட்டும் இயந்திரம் ஓடும்.

"ஒருக்கா எடுக்கிற படத்திலையே மறுமொழி இருக்கவேணும், பிள்ளையள். இரண்டாந்தரம் எடுக்க என்னட்டப் பிலிமும் இல்லை, எண்ணெயும் இல்லை" என்று டொக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நோயாளர் குறைந்ததும் எக்ஸ்ரே அறை யன்னலுக்கு வருவார். யன்னல் முழுவதையும் கறுப்புத் துணியால் மூடி, நடுவில் ஒரு படம் வைக்குமளவுக்குச் சதுரமாக வெட்டியிருந்தோம். வெளிச்சம் அந்த ஓட்டையால் மட்டும் வரும். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கிழமை முழுவதும் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அதில் பிடித்துப் பார்ப்பார். நோயை அவர் முதலிலேயே பார்த்திருப்பார். வெள்ளிக்கிழமை பார்ப்பது படத்தை மட்டும். மூன்றே தீர்ப்புத்தான்.

"இது கதைக்குது."

"இது முணுமுணுக்குது."

"இது வாயே திறக்கேல்லை."

கதைக்கும் படம் எது என்பதை அவர் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார். ஆள் மூச்சை நன்றாக உள்ளே இழுத்திருக்க வேண்டும். கழுத்தடியில் இருக்கும் இரண்டு காறை எலும்புகளின் நுனிகளும் முதுகெலும்பிலிருந்து சம தூரத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஆள் திரும்பி நின்றிருக்கிறார். தோள்பட்டை எலும்புகள் நுரையீரலுக்கு மேல் விழக்கூடாது. இதயத்துக்குப் பின்னால் முதுகெலும்பு மங்கலாகத் தெரிய வேண்டும். பளிச்சென்று தெரிந்தாலும் பிழை, தெரியாமலே போனாலும் பிழை. இவ்வளவும் எனக்கு மனப்பாடம். பரீட்சை வைத்திருந்தால் நான்தான் முதலாவதாக வந்திருப்பேன்.

பரீட்சைகளில் முதலாவதாக வருவது எனக்குப் பழக்கம். என் அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து, அடுத்தவர் காணியில் காடு வெட்டி, பிறகு சொந்தமாக ஒரு துண்டு எடுத்துக் கச்சான் கடலை போட்டவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானம் எடுத்துச் சித்தியெய்தினேன். ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது அப்பா எங்கள் குடியிருப்பு முழுவதும் சொல்லித் திரிந்தார்: "எம் புள்ள மனுசனுக்குள்ளாற பாக்குது."

அவள் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். தகப்பன் வாத்தியார், தாய் வாத்தியார். படித்தது பெரிய பள்ளிக்கூடம். அதை அவள் ஒருபோதும் பெரிதாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வெறுப்பதற்கு எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். வந்து சில கிழமைகளிலேயே அவள் எடுத்த படத்தை டொக்டர் ஓட்டையில் பிடித்தார். உடனே கையை இறக்கவில்லை.

"இது ஆர் எடுத்தது?"

"நான், டொக்டர்."

"கதைக்குது. நல்லாக் கதைக்குது."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை ஆத்திரத்தோடு மிதித்து, சங்கிலி கழன்று, கைமுழுவதும் கிறீஸ் பூசிக்கொண்டேன்.

எங்களுக்கு மேலே இருந்தவரை எல்லோரும் எக்ஸ்ரே ஐயா என்று கூப்பிடுவார்கள். அவருடைய குடும்பம் வவுனியாவில். அங்கே மாற்றம் கிடைத்து, வன்னியை விட்டு வெளியே போவதற்கான பாஸ் வரும்வரை காத்துக்கொண்டிருந்தார். பாஸ் வந்துவிட்டது என்ற செய்தியோடு அவர் வந்த நாளில் டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஐயாவின் இடுப்பில் தொங்கிய சாவியைக் காட்டினார்.

"ஐயா மாதக் கடைசியில போறார். இந்த அறைத் திறப்பை ஒராளிட்டத்தான் குடுக்கலாம். மற்றவ மருந்து குடுக்கிற யன்னலுக்குப் போகவேணும், அங்க ஆள் காணாது. ஆரின்ர படம் கூடக் கதைக்குதோ, திறப்பு அவவுக்கு."

மருந்து கொடுக்கும் யன்னலில் வெள்ளைக் குளிசையும் மஞ்சள் குளிசையும் கடதாசியில் சுற்றிக் கொடுக்க வேண்டும். அதற்கு உயர்தரம் தேவையில்லை. அப்பாவிடம் போய் நான் என்ன சொல்வது? மனுசனுக்குள்ளே பார்க்கும் வேலையிலிருந்து குளிசை சுற்றும் வேலைக்கு வந்துவிட்டேன் என்றா? எனக்கு அந்தத் திறப்பு வேண்டும். அதைவிட, அவளிடம் அது போகக்கூடாது.

அவளிடம் இருந்தது என்ன என்று கவனிக்கத் தொடங்கினேன். முதலில் அவளுடைய குரல். நெஞ்சுப் படத்துக்கு ஆளை நிறுத்திவிட்டு, நான் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று "மூச்சை இழுங்கோ! அடக்குங்கோ! அசைய வேண்டாம்!" என்று சத்தமாகச் சொல்வேன். அவள் ஆளின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, தானும் சேர்ந்து இழுப்பாள். "மல்லிகைப்பூ மணக்கிற மாதிரி இழுங்கோ அம்மா. இன்னும் கொஞ்சம். ஓம், அப்பிடியே வைச்சிருங்கோ." பிறகுதான் ஓடிவந்து பொத்தானை அமத்துவாள். அந்த மூச்சு படத்தில் தெரியும்.

ஒரு நாள் என் முறையில் வந்த முதியவர் ஒருவர் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"மற்றப் பிள்ளை இல்லையோ?"

"ஏன் ஐயா, நான் எடுத்தாப் படம் விழாதோ?"

"விழும் பிள்ளை. ஆனா நீ வெருட்டுறாய். எனக்கு உள்ள கிடக்கிற மூச்சும் வெளியால போயிடுது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இருட்டறைக்குள் அவளும் சிரித்திருப்பாள் என்று நினைத்தேன். கதவில் காதை வைத்துக் கேட்டேன். சிரிக்கவில்லை. படம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது தாலி. கலியாணம் செய்த பெண்கள் நெஞ்சுப் படத்துக்குத் தாலிக்கொடியைக் கழற்ற மாட்டார்கள். கழற்றாவிட்டால் நடு நெஞ்சில் பொன் விழுந்து, அதற்குப் பின்னால் உள்ளதை மறைத்துவிடும். நான் சட்டப்படி நடந்தேன். கழற்றுங்கோ, இல்லாவிட்டால் படம் இல்லை. ஒரு அம்மா படமே வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார். அவள் வந்த பிறகு அப்படி ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

"கழட்ட வேண்டாம் அம்மா. கொடியைத் தூக்கி வாயில கவ்விக்கொள்ளுங்கோ. நான் சொல்லுமட்டும் விடாதேங்கோ."

அவ்வளவுதான். பொன் படத்துக்கு வெளியே போய்விட்டது. டொக்டர் கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "வாயில கொடி இருந்தாக் கதைக்கவும் மாட்டினம். அதுதான் படம் கதைக்குது!" இந்த யோசனை ஏன் எனக்கு வரவில்லை? என் அம்மாவின் கழுத்தில் கிடக்கும் மஞ்சள் கயிற்றை நான் பிறந்த நாள் முதல் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்?

அதற்குப் பிறகுதான் அவளுடைய படங்களில் பிழை தேடத் தொடங்கினேன். அவள் மத்தியானம் சாப்பிடப் போன நேரம் கம்பியிலிருந்து அவளுடைய படத்தைக் கழற்றி யன்னல் ஓட்டையில் பிடிப்பேன். வலது காறை எலும்பில் தொடங்குவேன். பிறகு இடது. பிறகு தோள்பட்டை. விலா எலும்புகளை மேலிருந்து கீழாக எண்ணுவேன். இதயத்தின் பின்பக்கம். வயிற்றுக்கு மேலே இருக்கும் வளைவு இரண்டு பக்கமும் கூராக இருக்கிறதா. நான்கு விளிம்புகள். ஒன்றும் கிடைக்காது. திரும்பவும் வலது காறை எலும்பிலிருந்து தொடங்குவேன். என்னுடைய படங்களை நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

ஒரு முறை கிடைத்தது. தோளருகில் ஒரு சட்டைப்பின், வெள்ளை வெளேரென்று. அன்று மத்தியானம் சோறு எவ்வளவு ருசியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை டொக்டருக்கு முன்னால் அதை எடுத்துக் காட்டினேன்.

"டொக்டர், இதில பின் விழுந்திருக்கு."

அவர் பார்த்தார். "நெஞ்சறைக்கு வெளியிலதானே. பரவாயில்லை. கதைக்குது."

அவள் என் பக்கம் திரும்பி, "நல்ல காலம் கவனிச்சீர். நான் காணேல்லை. இனிச் சட்டையைத் தடவிப் பாத்திட்டு எடுக்கிறன்" என்றாள். உண்மையாகவே சொன்னாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஆனால் இந்தத் தேடலில் ஒன்று நடந்தது. கண் கூரானது. அவள் படத்தில் இருப்பது ஏன் இருக்கிறது என்று தெரிந்ததும், என் படத்தில் இல்லாதது எது என்றும் தெரிந்தது. ஆளின் தோளை முன்னுக்குத் தள்ளிவிடப் பழகினேன். குரலைக் குறைத்தேன். மல்லிகைப்பூவைச் சொல்ல மனம் வரவில்லை. "ஆறுதலா இழுங்கோ" என்று மட்டும் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டிருந்த என் படங்கள் சில கதைக்கத் தொடங்கின. மாதம் முடியும்போது நாங்கள் இரண்டு பேரும் ஏறக்குறையச் சமன் என்று எக்ஸ்ரே ஐயா சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரோ தெரியாது. நான் நம்பினேன்.

கடைசி வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெண் வந்தாள். முள்ளியவளைப் பக்கத்திலிருந்து புருசனின் சைக்கிளில் பின்னால் ஏறி, மடியில் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பல கிழமைகளாக இருமல். சளியைச் சோதித்ததில் ஒன்றும் தெரியவில்லை. படம் எடுத்துப் பார்க்கலாம் என்று டொக்டர் அனுப்பியிருந்தார். அவள் வாய் திறந்ததுமே மலைநாட்டுப் பேச்சு. நான் வன்னிப் பேச்சில்தான் பதில் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் எப்போதும் அப்படித்தான். அன்று படம் எடுக்கும் முறை மற்றவளுடையது. குழந்தையைப் புருசன் வாங்கிக்கொண்டான். கொடி வாய்க்குப் போனது. மல்லிகைப்பூ மணந்தது.

கழுவிக் கம்பியில் தொங்கவிட்டபோது அந்தப் படத்தைப் பார்த்தேன். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு நல்ல படம் அந்த அறையில் அதுவரை எடுக்கப்படவில்லை. நுரையீரலுக்குள் ஓடும் மெல்லிய நரம்பு போன்ற கோடுகள்கூட ஓரம் வரைக்கும் தெரிந்தன. திறப்பு போய்விட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

பின்னேரம் டொக்டர் வந்தார். எக்ஸ்ரே ஐயாவும் இருந்தார். மற்றப் படங்களையெல்லாம் பார்த்து, கடைசியில் அதை எடுத்தார்.

"அடேயப்பா! இது கதைக்கேல்லை, பாடுது."

அவள் நிலத்தைப் பார்த்துச் சிரித்தாள். டொக்டரின் விரல் படத்தின் மேல் பக்கம் போனது. வலது நுரையீரலின் உச்சியில், காறை எலும்பருகில் ஒரு வெள்ளைப் பூச்சு.

"நான் நினைச்சதுதான். சயரோகம். நல்ல படம் எண்டபடியாத்தான் பிடிபட்டது. இண்டைக்கே வாட்டில மறிச்சு மருந்தைத் தொடங்குவம். பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு வேற ஆரிட்டையும் விடச் சொல்லுங்கோ."

யன்னலுக்கு வெளியே, விறாந்தையில், அந்தப் பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

"டொக்டர், நான் ஒருக்காப் பாக்கட்டோ?"

நோயைப் பார்ப்பதற்காகக் கேட்கவில்லை. பாடுகிற படத்தில் எனக்கு ஒரு பிழை வேண்டியிருந்தது, ஒரு பின்னாவது. ஓட்டையில் பிடித்தேன். வலது காறை எலும்பு. இடது. சம தூரம். தோள்பட்டை வெளியே. மூச்சு நிறைய. விளிம்புகள். கீழ் விளிம்பு, இரண்டு பக்கம், மேல் விளிம்பு. மேல் விளிம்பில் நின்றுவிட்டேன். அந்த வெள்ளைப் பூச்சு நுரையீரலின் உச்சியோடு முடியவில்லை. காறை எலும்பையும் தாண்டி, மெல்லிதாக, கழுத்துப் பக்கம் ஏறி, பிலிம் வெட்டுப்பட்ட இடம் வரை போயிருந்தது. உற்றுப் பார்த்தால் அதற்குள் சாய்வு சாய்வாகக் கோடுகள், முறுக்கிய கயிற்றில் இருப்பது போல.

"இது நெஞ்சுக்குள்ள இல்லை, டொக்டர்" என்றேன்.

அவள்தான் முதலில் பேசினாள்.

"நீர் என்ர படத்தில எப்பவும் பிழைதான் பாக்கிறனீர்."

"ஓம், பாக்கிறனான். அதாலதான் இது தெரியுது. நுரையீரல்ல இருக்கிற வருத்தம் கழுத்தில எப்பிடி ஏறும்? இது மயிர். பின்னல்."

"நான் பின்னலை முதுகில இருந்து எடுக்கச் சொன்னனான்."

"எடுத்து எங்க வைச்சவ?"

டொக்டர் படத்தை என் கையிலிருந்து வாங்கி, மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் விறாந்தைக்குப் போனேன்.

அந்தப் பெண்ணின் பின்னலைத் தொட்டுப் பார்த்தேன். பின்னேரமாகியும் உள்ளே ஈரம் காயாமல், தேங்காய்க் கயிற்றைப் போலத் தடிப்பாக இருந்தது.

"காலையில தலை முழுகினீங்களோ?"

"ஆமாங்க மிஸி. பெரிய ஆஸ்பத்திரிக்கு வாறோம், அழுக்கா வர முடியுமா? விடியவே கெணத்துல முழுகிட்டுத்தான் சைக்கிள்ல ஏறுனேன்."

"படம் எடுக்கேக்க பின்னலை எங்க வைச்சனீங்கள்?"

"அந்த மிஸி முதுகுல கெடக்கப்படாதுன்னாங்க. முன்னுக்குத் தூக்கி, தோள் மேலால சட்டைக்குள்ள சொருகிக்கிட்டேன்." என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "அவுத்து விடுங்கன்னு சொல்லல்ல. சொன்னாலும் எப்பிடிங்க? எழவு வீட்டுலதானே தலைய அவுத்துப் போடுவாங்க?"

உள்ளே நின்ற மூன்று பேருக்கும் கேட்டிருக்க வேண்டும். நான் திரும்பிப் போனபோது டொக்டர் பிலிம் பெட்டியைத் திறந்து எத்தனை மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெனரேற்றரைப் போடச் சொல்லுங்கோ ஐயா. ஒண்டு எடுப்பம்."

"தலையை விரிக்க மாட்டாவாம், டொக்டர்" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. "ஈரமா இருந்தா விரிச்சாலும் தோளில விழும்."

"விரிக்கத் தேவையில்லை" என்றேன்.

கழுவிக் காயவைத்த துவாய் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். பின்னலை அப்படியே உச்சிக்குத் தூக்கிச் சுருட்டி, அதன் மேல் துவாயை நெற்றியிலிருந்து பின்பக்கம் இழுத்து, பிடரியில் குறுக்கே மாற்றி, திரும்ப முன்னே கொண்டுவந்து செருகினேன். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டுவதற்கு முன்னால் கட்டும் கட்டு. மழையிலும் சரிவிலும் அவிழாது. அம்மா இப்போதும் கச்சான் பிடுங்கப் போகும்போது அப்படித்தான் கட்டுவார்.

அந்தப் பெண் கையை உயர்த்தித் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "மிஸி நம்ம ஆளா?"

"ஆமா" என்றேன், அவளுடைய பேச்சிலேயே. "எங்கம்மா மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனவங்கதான்."

வாசலில் மற்றவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வடிவாக் கட்டுறீர்" என்றாள். நான் செருகலை இன்னொரு தரம் இறுக்கினேன்.

ஜெனரேற்றர் இருமி இருமி ஓடத் தொடங்கியது. இருட்டறையில் புதுப் பிலிமைத் தகட்டுப் பெட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். "நான் எடுக்கிறன், டொக்டர்."

அவர் மறுமொழி சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண் சொன்னாள்: "காலையில எடுத்த மிஸியே எடுக்கட்டுங்களேன். அவங்க நல்லாப் பதமாச் சொல்றாங்க, மூச்சு விட." பிறகு, என் மனம் நோகக்கூடாதென்று, "நீங்க கட்டுன கட்டு நல்லாருக்கு மிஸி" என்றாள்.

டொக்டரும் தலையாட்டினார். "அதே ஆள் அதே மாதிரி எடுத்தாத்தான் இரண்டையும் வைச்சுப் பாக்கலாம்."

பெட்டியை அவளிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது என் விரல்கள் உடனே விடவில்லை. அவளும் இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

எடுத்துக் கழுவிய புதுப் படத்தை ஈரம் சொட்டச் சொட்ட டொக்டர் ஓட்டையில் பிடித்தார். வலது உச்சி கறுப்பாக, சுத்தமாக இருந்தது. இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். பிறகு யன்னலால் வெளியே எட்டி, "அம்மா, சயரோகம் இல்லை. இருமலுக்கு மருந்து தாறன், பிள்ளையோட வீட்டை போங்கோ" என்றார். அந்தப் பெண்ணுக்குத் தனக்குச் சயரோகம் இருந்து, இல்லாமல் போனதே தெரியாது. "சரிங்க ஐயா" என்றுவிட்டு, துவாயை அவிழ்த்து மடித்து யன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

எக்ஸ்ரே ஐயா திறப்பை மேசையில் வைத்தார். டொக்டர் அதை எடுத்துக் கையில் உருட்டினார்.

"காலமைப் படம் பாடிச்சுது. ஆனாப் பொய்ப் பாட்டு" என்றார். நான் ஓரடி முன்னே வைத்தேன். "எண்டாலும் எடுக்கிற கை இவவின்ர கைதான். சனம் இவவோடதான் மூச்சு விடுது." திறப்பை அவளிடம் நீட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "நீர் மருந்து யன்னலுக்குப் போக வேண்டாம், பிள்ளை. அங்க நான் வேற ஆளைத் தேடுறன். இவ எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் நீர் பாக்கவேணும். ஆளை நிப்பாட்டேக்கையும் நீர் ஒருக்காப் பாரும். உம்மட கண் பட்டு, 'கதைக்குது' எண்டு நீர் சொன்னாப் பிறகுதான் அது என்னட்ட வரவேணும்."

வெள்ளிக்கிழமைத் தீர்ப்பு இனி என்னுடையது. அவர் பெரிதாகத் தருவதாக நினைத்துத்தான் தந்தார். பெரிதுதான். ஆனால் இயந்திரம் அவளுக்கு. அவள் பொத்தானை அமத்துவாள். நான் கதிரையில் உட்கார்ந்து அவள் செய்ததைப் பார்ப்பேன்.

"நீர் பாத்தாத்தான் எனக்கும் நிம்மதி" என்றாள் அவள். அன்றைக்கும் அவள் கெட்டவளாக இருக்க மறுத்துவிட்டாள்.

வீட்டில் அப்பா வாசலிலேயே கேட்டார். "என்னா, சாவி குடுத்தாங்களா?"

"இல்லப்பா. அந்தப் புள்ள படம் எடுக்கும். அது சரியா பிழையான்னு நான் பாத்துச் சொல்லணும்."

அப்பா யோசித்தார். "அது கொழுந்து எடுக்கும். நீ நின்னுக்கிட்டு, முத்தலு கெடக்கு, காம்பு கெடக்குன்னு சொல்லுவ. அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான்."

"அடியேய், கேட்டியா!" என்று குசினிக்குள்ளே பார்த்துக் கத்தினார். "நம்ம பரம்பரையில மொத கங்காணி!"

அம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "கங்காணிய எவளுக்குப் புடிக்கும்? நாங்க முதுகுக்குப் பின்னால என்னென்ன பேரு வெச்சிருந்தோம் தெரியுமா?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, "கைய கழுவு, ஆஸ்பத்திரி மருந்து நாறுது. சாப்புடு" என்றார்.

திங்கட்கிழமை அவள் எடுத்த முதல் படத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். கரையோரத்து மீனவர் ஒருவரின் நெஞ்சு. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஓட்டையில் பிடித்தேன். வலது காறை எலும்பு. இடது. தோள்பட்டை. விலா எலும்புகள். இதயத்தின் பின்பக்கம். நான்கு விளிம்புகள், மேல் விளிம்பு இரண்டு தரம். அவள் என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய மூச்சுக்கூட எனக்குக் கேட்டது.

"கதைக்குதோ?" என்று கேட்டாள்.

திரும்பவும் வலது காறை எலும்பிலிருந்து தொடங்கினேன். அவள் பொறுமையாக நின்றாள். ஒரு பின் இல்லை, ஒரு மயிர் இல்லை, ஒரு மணல் இல்லை.

"கதைக்குது" என்றேன்.

அவள் படத்தை வாங்கிக்கொண்டு போய்க் கம்பியில் மாட்டினாள். பக்கத்தில் வேறு படம் இல்லாததால் அது காற்றுக்குச் சுழன்றுகொண்டிருந்தது.